வாசகர் கேள்வி பதில்: நீங்கள் ஊரில் இல்லாத வருஷங்கள்

பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு பினாங்குக்கு வந்து போனவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஐந்தை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீண்டுவிட்டது. அதில் கேட்டிருப்பது நான் பல வருஷமாக எனக்குள்ளேயே வைத்திருந்த கேள்வி.

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர்:

அக்கா, நான் ஆயர் ஈத்தாமில் வளர்ந்தவன். 1999-இல் மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா வந்தேன், அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று இங்கேயே தங்கிவிட்டேன். நடுவில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன், இரண்டுமே கல்யாணத்துக்கு, நாலே நாளில் விமானம் ஏறிவிட்டேன். 2021-இல் என்னை வளர்த்த பெரியம்மா தவறியபோது, கொரோனா கட்டுப்பாட்டால் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போக அனுமதி கிடைக்கவில்லை, காரியத்தை வீடியோவில்தான் பார்த்தேன். இந்த வருஷம்தான் மூன்று வாரம் லீவு போட்டுப் போனேன். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், அவரும் லீவு எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் காரில் அழைத்துப் போனார். கார் ஏற்றும் ஃபெரி இல்லை. கொடிமலையில் பாதி வழியில் இறங்கி மாறி ஏறும் பழைய ரயில் இல்லை. கர்னி டிரைவில் நாங்கள் சாயங்காலம் உட்காரும் சுவருக்கு அந்தப் பக்கம் கடலே இல்லை, மண்ணைக் கொட்டி நிலமாக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போன பஸ் கம்பெனியும் இல்லை. எனக்கு நெஞ்சடைத்துவிட்டது, போன இடத்திலெல்லாம் புலம்பிக்கொண்டே இருந்தேன். நாலாவது நாள் அண்ணன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "வந்ததுலேருந்து இல்லாததையே சொல்லிக்கிட்டு இருக்க. இருக்குற மனுசன ஒரு வார்த்த கேட்டியாடா?" என்றார். அதற்குப் பிறகு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு சரி. சொந்த ஊரை நினைத்து வருத்தப்பட்டது தப்பா அக்கா?

பதில்:

வருத்தப்பட்டது தப்பில்லை தம்பி. ஆனால் அண்ணன் சொன்னதும் சரி, அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இதே காரியத்தை இதே ஊரில் நானும் செய்திருக்கிறேன்.

1976-இல், 19 வயதில், நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்து போனேன். அதுவரை நாங்கள் இருந்தது குயின் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே வேறொருவர் கடை, மேலே இரண்டு அறையில் நாங்கள் ஆறு பேர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாடகை ரொம்பக் குறைவு, ஏனென்றால் 1948-க்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது, அந்த 1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில்தான் ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் மூட்டை தூக்குகிறவர், மாலை கட்டுகிறவர், தையல்காரர், தச்சர் என்று அத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 2000-ஆம் வருஷம் ஜனவரி 1 முதல் வீட்டுக்காரர் கேட்பதுதான் வாடகை. எங்கள் வீட்டுக்காரரும் கேட்டார். எங்களால் கொடுக்க முடியாத தொகை. நீங்கள் 1999-இல் போனீர்கள் இல்லையா, அதற்கு அடுத்த வருஷம் பழைய ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனை என்று உங்கள் அண்ணனைக் கேட்டால், தனக்குத் தெரிந்தவர்களையே வரிசையாகச் சொல்வார்.

என் அண்ணன் அப்பா அம்மாவை ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போனார். நான் 2001-இல் மொத்தமாகத் திரும்பி வந்தேன். வந்த மூன்றாம் நாள் பழைய வீட்டைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, எதிர்ப்பக்கத்து அஞ்சடியில், கடைவீடுகளுக்கு முன்னால் போகும் நடைபாதையில் நின்றுகொண்டு, சாத்திக் கிடந்த ஜன்னலைப் பார்த்து அப்படி அழுதேன். அண்ணன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருக்கும் துக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி அண்ணிதான் சொன்னார். வீட்டைக் காலி பண்ணிய நாளில் அம்மாவின் மர அலமாரி படிக்கட்டில் இறங்கவில்லையாம். எந்தக் காலத்திலோ ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றியது, இப்போது அந்த ஜன்னலுக்குக் கம்பி போட்டாகிவிட்டது. மறுநாள் சாவியைக் கொடுக்கவேண்டும். அண்ணன் கடன் வாங்கி வந்த ரம்பத்தால் அலமாரியை இரண்டாக அறுத்திருக்கிறார். அம்மா கீழே அஞ்சடியில், கவிழ்த்துப்போட்ட வாளி மேல், ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாராம். மேலே ரம்பச் சத்தம் வரும்போதெல்லாம் கை நின்றுவிடும், சத்தம் நின்றால் கை மறுபடி மடிக்கும். ஒரு வெற்றிலையையும் வாயில் போடவில்லை, எல்லாம் மடியிலேயே கிடந்தது என்றார் அண்ணி.

நான் அந்த ஜன்னலைப் பார்த்து அழுதேன், அந்த ஜன்னலுக்குள்ளே நின்று அலமாரியை அறுத்தவர் என் பக்கத்தில் நின்றிருக்கிறார். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு உள்பக்கம் இருக்கிறது. ஃபெரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவை சும்மா மறைந்துபோகவில்லை, ஒவ்வொன்றாகப் பழுதாகி, ஓடுகிற எண்ணிக்கை குறைந்து, வேலைக்குப் போகிறவர்கள் காத்துக் காத்துச் சலித்து, 2021 தொடக்கத்தோடு ஓய்ந்தன. அப்புறம் இரண்டரை வருஷம் சின்னப் படகுதான். 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரி நாலு வந்தது, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏறலாம், கார் என்றால் பாலத்தில்தான் போகவேண்டும். கொடிமலை ரயிலும் அப்படித்தான். 1923-இல் திறந்த பாதை, நீங்கள் ஏறியது 1977-இல் வந்த பெட்டிகள். அவை அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்து, 2010-இல் மொத்தமாக நிறுத்தி, 2011-இல் இப்போதுள்ள ரயில் வந்தது, நடுவில் இறங்காமல் நேராக மேலே போகிறது. மேலே இருக்கிற முருகன் கோயிலுக்கு முட்டிவலியோடு போகும் பாட்டிகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். பஸ்ஸும் சரி, பழைய கம்பெனிகளின் வண்டிகள் தேய்ந்து சேவை கெட்டுப்போய் ஜனங்கள் தவித்த பிறகுதான் 2007-இல் ரேபிட் பினாங்கு வந்தது. கர்னி கடல் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். அந்தக் காற்று எனக்கும் வேண்டும்.

இங்கேயே இருந்தவர்களுக்கு வேறொரு பட்டியல் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடற்கரைக்கு நிறையப் பேர் போயிருந்த நேரம், சுனாமி. பினாங்கில் மட்டும் 50 பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2017 நவம்பர் 4 ராத்திரி பெய்த மழையில் ஆயர் ஈத்தாமிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை வெள்ளம், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கமும் வீடுகள் முழுகின. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது, 2022 ஏப்ரல் 1-இல்தான் எல்லையை முழுசாகத் திறந்தார்கள். இந்த மூன்றிலும் உங்கள் அண்ணன் எங்கே இருந்தார், யாரைத் தேடினார், எந்த வாசலில் நின்றார் என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 1988 ஜூலை 31-இல் பட்டர்வொர்த் ஃபெரி முனையத்தின் மேல்தளம் ஜனங்களோடு இடிந்து விழுந்து 32 பேர் இறந்தது எனக்கு இங்கிலாந்தில் படித்த ஒரு துண்டுச் செய்தி. அன்றைக்கு புக்கிட் மெர்தாஜாமில் செயிண்ட் ஆன் திருவிழா, அம்மா வருஷா வருஷம் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார், அந்த வருஷமும் போயிருந்தார். செய்தி கேட்டு அண்ணன் தீவுப் பக்கத்துத் துறையில், வருகிற முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நடு இரவு வரை நின்றிருக்கிறார். அம்மா யாரோ ஒருவர் காரில் பாலம் வழியாக வந்து வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டார். இதை அண்ணன் என்னிடம் சொன்னது 2001-க்கும் பல வருஷம் கழித்து, நானாகக் கேட்ட பிறகுதான். சொல்லும்போது அவர் கை நடுங்கியது.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். போன் போடுங்கள், வாட்ஸ்அப் செய்தி வேண்டாம், போன். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் "அதெல்லாம் ஒன்னுமில்லடா" என்று வெட்டிவிடுவார், அண்ணன்மார் அப்படித்தான். பெரியம்மா காரியத்தைக் கேளுங்கள். நீங்கள் வீடியோவில் பார்த்தது போன் திரும்பியிருந்த பக்கத்தை மட்டும். அந்தப் போனைப் பிடித்திருந்தது யார் கை? ஆள் கூடக் கூடாது என்றிருந்த அந்த நாட்களில் தூக்கியது யார், யாரை வாசலோடு திருப்பி அனுப்பவேண்டி வந்தது, சமைத்தது யார்? அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே உங்கள் பக்கத்துக் கஷ்டத்தைச் சொல்லாதீர்கள். அனுமதி கிடைக்காமல் நீங்கள் அங்கே பட்டதும் பெரிய பாடுதான், அதை இன்னொரு நாள் சொல்லலாம், அவரே கேட்பார்.

அடுத்த தடவை வரும்போது போகவேண்டிய இடங்களை நீங்கள் சொல்லாதீர்கள். அவர் தினம் பசியாறும் கடைக்கு, அவர் தினம் போகும் நேரத்துக்குப் போங்கள்.

லண்டனிலிருந்து ஒரு வாசகி:

பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்து, மலேசியக் குடியுரிமையை முறைப்படி விட்டுக்கொடுத்து பல வருஷமாகிறது. அப்புறம் ஊருக்கு வரவேயில்லை. இப்போது 70 வயது அக்காவைப் பார்க்க வருகிறேன். விசா எடுக்க வேண்டுமா? எந்த வரிசையில் நிற்கவேண்டும்? கையில் பழைய மலேசியக் காசு கொஞ்சம் இருக்கிறது, செல்லுமா?

பதில்:

விசா வேண்டாம். பிரிட்டிஷ் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) சுற்றுப்பயணியாக 90 நாள் வரை இருக்கலாம். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லவேண்டும், அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் பூர்த்தி செய்துவிடுங்கள், விமானத்தில் வெள்ளை அட்டை கொடுத்த காலம் போய்விட்டது. அதற்குக் கட்டணம் கிடையாது, குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்திலேயே செய்யுங்கள், காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

வரிசை, வெளிநாட்டவர் வரிசைதான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு இரண்டு குடியுரிமைக்கு இடம் கொடுப்பதில்லை. நீங்கள் முறைப்படி விட்டுக்கொடுத்துவிட்டதால் பயப்பட ஒன்றுமில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டு மலேசியக் கடப்பிதழையும் அலமாரியில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், அதை விமான நிலையக் கவுண்டரில் தீர்த்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள், நீங்கள் இருக்கிற நாட்டின் மலேசியத் தூதரகத்தில் முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசையில் நிற்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கும், சகோதரி. நான் கடப்பிதழை மாற்றாதவள், என்னால் அதை உணர்ந்து சொல்ல முடியாது. ஆனால் என்னோடு இங்கிலாந்தில் வேலை செய்த தோழி சொன்னது ஞாபகம் இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் கடப்பிதழில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, மலாய்மொழியில், "பினாங்கா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாராம். தோழிக்கு ஜெலுத்தோங் என்று சொல்லக் குரல் வரவில்லையாம்.

காசு விஷயம்: ஒரு வெள்ளி (ரிங்கிட்) நாணயம் 2005 டிசம்பரோடு செல்லாது. 500 வெள்ளி, 1000 வெள்ளி நோட்டு இருந்தால் அதுவும் 1999-ஓடு போய்விட்டது. சில்லறை சென் செல்லும், ஆனால் கடையில் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டித்தான் வாங்குவார்கள், ஒரு சென்னை யாரும் தேடுவதில்லை. ஒட்டுக்கடையில்கூட கைப்பேசியால் கட்டம் போட்ட படத்தைப் பிடித்துப் பணம் கட்டுகிறார்கள். நீங்கள் பயப்படவேண்டாம், நோட்டும் வாங்குகிறார்கள்.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி:

நான் பிறந்த வீடு மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கடைவீடு. அப்பா வாடகைக்கு இருந்தார். இப்போது அது அழகான சின்ன ஹோட்டலாகிவிட்டது. ஒரு ராத்திரிக்கு அவர்கள் கேட்கும் தொகையில் அப்பா அந்த வீட்டுக்குப் பல மாத வாடகை கொடுத்திருப்பார். மகள், "வாம்மா, ஒரு நாள் தங்கிப் பார்க்கலாம்" என்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

பதில்:

மகளோடு போய்த் தங்குங்கள் அம்மா. வாசலில் நின்று பார்த்தால் அழுகை மட்டும்தான் மிஞ்சும், அதை மேலே எழுதியிருக்கிறேன்.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. அதற்குள் வாடகைக் கட்டுப்பாடு போய் எட்டு வருஷமாகிவிட்டதால் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறிவிட்டார்கள், வீடுகள் நின்றன, ஆட்கள் இல்லை. 2012-இல் சுவர் ஓவியங்கள் வந்தன, ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள் ஓவியத்தின் முன்னால் இன்றைக்கும் படம் எடுக்க வரிசை நிற்கிறது. அப்படித்தான் ஹோட்டலும் கோப்பிக் கடையும் வந்தன. ஒரு பக்கம் எனக்குக் கோபம், ஏனென்றால் வீட்டைப் பாதுகாத்தவர்கள் வீட்டில் இருந்தவர்களைப் பாதுகாக்கவில்லை. இன்னொரு பக்கம், இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கியிருந்தால் நீங்கள் மகளுக்குக் காட்ட ஒரு படிக்கட்டுகூட இருந்திருக்காது.

எங்கள் வீடும் கோப்பிக் கடையாகிவிட்டது. பல வருஷம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன், பிறகு ஒரு நாள் மதியம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். பழைய கடைவீடுகளில் மாடித் தரையில், வாசலுக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை இருக்கும், மரக்கட்டை ஒன்றால் மூடியிருக்கும், உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். யாராவது கதவைத் தட்டினால் அம்மா கட்டையை எடுத்துவிட்டு மேலிருந்தே பார்ப்பார், தெரிந்த ஆளாக இருந்தால் சாவியைக் கயிற்றில் கட்டி இறக்குவார். நானும் தங்கையும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே நிற்பவரின் தலை உச்சியை வைத்தே யார் என்று பந்தயம் கட்டுவோம். நடுவில் வழுக்கை என்றால் தபால்காரர். எண்ணெய் மினுங்கினால் அத்தை.

அந்த ஓட்டைக்கு இப்போது கண்ணாடி போட்டு, உள்ளே சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள். மேலே கோப்பி கொண்டுவந்த பெண்ணை, கெடாவிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை, இது என்ன தெரியுமா என்று கேட்டேன். காற்றுக்காக வைத்தது என்றாள். சாவிக் கயிறைச் சொன்னேன். தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, மண்டியிட்டு, கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். கீழே அப்போதுதான் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வழுக்கை" என்றாள், இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கப்புறம் நான் அடிக்கடி போகிறேன்.

அதனால் போங்கள். வார நாளில் போங்கள், வாரக் கடைசியில் அந்தத் தெருக்களில் நடக்கவே இடமிருக்காது. எந்த அறை உங்கள் அறை என்று சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அப்பா அம்மா அந்த வீட்டில் எடுத்துக்கொண்ட படம் இருந்தால் நகல் ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள், சுவரில் மாட்டினாலும் மாட்டுவார்கள். காலையில் சீக்கிரம் எழுந்து, கடைகள் திறக்கும் முன், மகளை அழைத்துக்கொண்டு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு நடங்கள். 1833-இல் எழுந்த கோயில், உங்கள் பாட்டி நின்ற இடத்திலேயே நின்று கும்பிடலாம். திரும்பி வரும்போது கடையில் முழம் மல்லிகை வாங்கிக் கொடுங்கள், அவள் டொராண்டோ பிள்ளை, தலையில் வைக்கத் தெரியாவிட்டால் கையில் சுற்றிக்கொள்ளட்டும்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்:

நாசி கண்டார் பழைய சுவையில் எங்கே கிடைக்கும்? வரும்போதெல்லாம் ஏமாற்றம்தான்.

பதில்:

கடைப் பெயர் எழுதமாட்டேன், அதனால் எனக்குச் சண்டைதான் மிஞ்சும். ஒன்று மட்டும் சொல்கிறேன். தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை தொங்கவிட்டு, நம் தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துக் கூலிகளுக்குச் சுமந்து விற்ற சாப்பாடு அது. அந்தக் காவடிக் கம்புக்குத்தான் மலாயில் கண்டார் என்று பெயர். விடிந்ததிலிருந்து மூட்டை தூக்கியவன் தின்ற சோறு. என் அப்பா வேலை முடிந்து சில நாள் ஒரு பொட்டலம் கொண்டுவருவார், இலையும் காகிதமும் குழம்பில் ஊறியிருக்கும், ஆறு பேர் பிரித்துத் தின்போம். அந்தச் சுவையை நானும் தேடினேன், கிடைக்கவில்லை. நீங்கள் வரும்போது காரில் போய் இறங்காமல் கொடிமலைப் பாதையிலோ தாவரவியல் பூங்காவிலோ இரண்டு மணி நேரம் நன்றாக நடந்துவிட்டு, பசியோடு போய், எல்லாக் குழம்பையும் மேலே கலந்து ஊற்றச் சொல்லுங்கள். "பஞ்சிர்" என்றால் போதும், அவர்களுக்குப் புரியும்.

பிறையிலிருந்து ஒரு வாசகி:

எல்லாரும் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறார்கள், நான் இங்கேயே இருப்பவள். என் அக்கா கனடாவில். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பாசமானவர்தான், பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார். ஆனால் வந்து இரண்டே நாளில் அம்மாவுக்கு ஏன் இந்த மருந்து, ஏன் இந்த டாக்டர், வீடு ஏன் இப்படி இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார். அவர் போன பிறகு அம்மா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். இந்தத் தைப்பூசத்துக்கு மறுபடி வருகிறார். சண்டை இல்லாமல் எப்படிச் சொல்வது?

பதில்:

உங்கள் கடிதத்தை முதல் ஆளாகப் போட்டிருக்கவேண்டும்.

வாயால் சொல்லாதீர்கள், சொன்னால் சண்டையாகத்தான் முடியும். உங்கள் அக்கா குறை சொல்வது எதனால் என்று எனக்குத் தெரியும், நானே அந்த அக்காவாக இருந்தவள். அங்கே இருக்கும்போது ராத்திரி போன் அடித்தாலே வயிறு கலங்கும். வந்து இறங்கியதும் அந்த பயமெல்லாம் குறையாக வெளியே வரும், மருந்துப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் ஏதோ செய்த மாதிரி இருக்கும். அவருக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்கிற விருந்தாளிக்குத்தான் வீட்டிலுள்ள ஓட்டடை கண்ணில் படும்.

அதனால் வேலையைக் கொடுங்கள். அம்மாவுக்கு அரசாங்கக் கிளினிக்கில் தேதி எப்போது? அக்கா வருகிற வாரத்தில் இருந்தால் நீங்கள் போகாதீர்கள், லீவு எடுக்காதீர்கள். அக்கா அழைத்துப் போகட்டும். காலையில் அம்மாவை எழுப்பி, ரத்தம் எடுக்கவேண்டிய நாளாக இருந்தால் பசியாறக் கொடுக்காமல் சமாளித்து, நம்பர் எடுத்து உட்கார்ந்து, அம்மா நடுவில் பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லும்போது நம்பர் போய்விடுமோ என்று தவித்து, டாக்டரைப் பார்த்து, மருந்துக் கவுண்டரில் இன்னொரு நம்பர் எடுத்து, எது காலை எது இரவு என்று கேட்டுக்கொண்டு வீடு வந்து சேரட்டும். ஏன் இந்த மருந்து என்ற கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும், பதிலும் அவருக்கே கிடைக்கும். இதைத் தண்டனை மாதிரிச் செய்யாதீர்கள், முகத்தில் அது தெரிந்துவிடும். அம்மாவோடு தனியாக ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருப்பது அவருக்கு மூன்று வருஷத்தில் கிடைக்காத பாக்கியம், நீங்கள் அதைக் கொடுக்கிறீர்கள்.

தைப்பூசத்துக்கு அம்மாவைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று அக்கா கேட்பார். 2012-இல் குடமுழுக்கு ஆன மேல்கோயிலுக்கு 513 படி, அம்மாவால் முடியாது, அதிலேயே ஒரு சண்டை வரலாம். முதல்நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகுமே, அந்த வழியில் நிழலாக ஓரிடம் பார்த்து நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வையுங்கள். ரதம் அம்மாவிடம் வரும். மூன்று பேரும் சேர்ந்து நாலு தேங்காய் உடையுங்கள்.

அக்கா வந்து இறங்கும் நாளில், சாக்லேட்டும் சால்வையும் கட்டிலில் பரத்தி வைக்கும் முன்னாலேயே, அம்மாவின் கிளினிக் புத்தகத்தை எடுத்து அவர் கைப்பையில் வைத்துவிடுங்கள்.